வந்தாறுமூலைக்கு அறிவு எப்ப வந்தது?

மட்டக்களப்பு டவுனில் இருந்து வடக்கே போற பஸ்ஸில் ஏறினால் தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலை வரும். "கம்பஸ் இறங்கிற ஆக்கள்" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். பாதி பஸ் காலியாகும். இறங்கிறவர்களில் மலைநாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், யாழ்ப்பாணத்தார் இருப்பார்கள், தெற்கில் இருந்து வந்த சிங்கள மாணவர்கள் இருப்பார்கள், படுவான்கரையில் இருந்து விடிய எழும்பி ரெண்டு பஸ் மாறி வந்தவர்களும் இருப்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாசல் அது.

அந்த வாசலுக்குப் பின்னால் ஒரு வரலாறு கிடக்கு. அதை ஒரு சொல்லின் வரலாற்றோடு சேர்த்து வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல் "அறிவுச் சமூகம்". இப்ப வாற எந்த உயர்கல்விக் கொள்கையைத் திறந்தாலும் முதல் பக்கங்களில் அதுதான். அறிவுச் சமூகம், அறிவுப் பொருளாதாரம், அறிவு மையம். வாசிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வந்தாறுமூலையில் நின்று வாசித்தால் சில கேள்விகள் வரும்.

சொல் வந்த வழி

1969இல் பீற்றர் ட்ரக்கர் என்ற முகாமைத்துவ அறிஞர் அறிவுச் சமூகம் பற்றி எழுதினார். நிலத்தையும் இயந்திரத்தையும் விட, படித்தவரின் மூளையே இனிப் பொருளாதாரத்தின் முதன்மை வளம் என்பது அவர் வாதம். 1973இல் டானியல் பெல் என்ற சமூகவியலாளர் தொழிற்சாலைக் காலத்துக்குப் பின் வரும் சமூகம் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை எழுதினார். ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்காவை. அங்கே தொழிற்சாலை வேலை குறைந்து அலுவலக வேலை கூடிக்கொண்டிருந்த நேரம் அது.

1998/99இல் உலக வங்கி தன்னுடைய உலக அபிவிருத்தி அறிக்கைக்கு "அபிவிருத்திக்கு அறிவு" என்ற பொருளை எடுத்தது. அதோடு இந்தப் பேச்சு கடன் வாங்கும் நாடுகளின் திட்ட ஆவணங்களுக்குள் வந்துவிட்டது. 2000இல் ஐரோப்பிய ஒன்றியம் லிஸ்பனில் கூடி, உலகிலேயே போட்டித்திறன் மிக்க அறிவுப் பொருளாதாரமாக மாறுவோம் என்றது. 2005இல் இந்தியா சாம் பிட்ரோடா தலைமையில் தேசிய அறிவு ஆணையம் அமைத்தது.

அதே 2005இல் யுனெஸ்கோவும் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பில் ஒரு சின்ன வித்தியாசம்: அறிவுச் சமூகம் இல்லை, "அறிவுச் சமூகங்கள்". பன்மை. ஒவ்வொரு சமூகத்துக்கும் தனக்கென்று அறிவு உண்டு, உள்ளூர் அறிவும் அறிவுதான், தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து இறக்கினால் மட்டும் அறிவுச் சமூகம் உருவாகாது என்ற நிலைப்பாடு அந்த "கள்" விகுதிக்குள் இருந்தது. எங்கட நாட்டுக் கொள்கைகளுக்குள் அதிகம் வந்து சேர்ந்தது ஒருமைதான்.

2010இல் மஹிந்த சிந்தனை என்ற அரசாங்கக் கொள்கைத் திட்டம் இலங்கையை ஐந்து மையங்களாக ஆக்கப்போவதாகச் சொன்னது: கடற்றுறை, விமானப் போக்குவரத்து, வணிகம், சக்தி, அறிவு. பட்டியலைக் கொஞ்சம் பாருங்க. துறைமுகம், விமான நிலையம், வியாபாரம், எண்ணெய், அதோடு அறிவு. முதல் நான்கும் வேற இடத்தில் இருந்து வந்து வேற இடத்துக்குப் போற சாமான்கள் பற்றியவை. அறிவும் அப்படி வந்து இறங்கி ஏறிப்போற சரக்காகத்தான் அங்கே நினைக்கப்பட்டது. வெளிநாட்டு மாணவர் வருவார்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கிளை திறக்கும், டொலர் வரும். ஏற்கெனவே இங்கே இருக்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

அதுக்கு முதல் வேற மொழி இருந்தது

அரசாங்கம் கல்வியைப் பற்றி எப்பவும் இப்படித்தான் பேசியது என்று நினைத்தால் பிழை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1943இல் கன்னங்கராவின் விசேட குழு அறிக்கை வந்தது. 1945இல் பாலர் வகுப்பில் இருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அன்றைய பேச்சில் மையமாக இருந்த ஆள் குடிமகன். சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்டது. வாக்குப் போடுகிறவன் படித்திருக்க வேண்டும், பணக்காரனின் பிள்ளைக்குக் கிடைக்கிறது ஏழையின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வாதத்தின் அடி. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழும்பின. வந்தாறுமூலையிலும் ஒன்று வந்தது.

மட்டக்களப்பில் இருந்து இந்த வரலாற்றுக்குள் போன பெரிய பெயர் சுவாமி விபுலானந்தர். 1892இல் காரைதீவில் பிறந்தவர். 1929இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். விஞ்ஞானம் படித்தவர், பழைய யாழைத் தேடிக் கணக்குப் போட்டு "யாழ் நூல்" எழுதினார். அது வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே காலமானார். ஆனால் ஒன்றைக் கவனியுங்க. அவர் பேராசிரியரானது கொழும்பில். மட்டக்களப்பான் ஒருவன் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம், பல்கலைக்கழகம் மட்டக்களப்புக்கு வராது. இன்னும் 38 வருசம் அப்படித்தான் இருந்தது.

நடுவில் தரப்படுத்தல் வந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழ் மொழிமூல மாணவர்களுக்குக் கூடிய வெட்டுப்புள்ளி வைத்தது அநியாயம். அதில் ரெண்டாம் பேச்சு இல்லை. அந்தக் காயம் எங்கட அரசியலை எப்படி மாற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேற கதை. யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் அது இழப்பு. மட்டக்களப்பு, மன்னார் மாதிரி ஆய்வுகூடமும் ஆசிரியரும் குறைந்த இடங்களில் இருந்து பார்த்தால் அதுவரை பூட்டிக் கிடந்த கதவு கொஞ்சம் திறந்தது. இன்றைக்கும் கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக இடம் என்றுதான் அனுமதி நடக்குது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. எங்கட வகுப்பில் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போன யாரையாவது கேட்டுப் பாருங்க, இந்தக் கணக்கின் அருமை தெரியும். தமிழர் எல்லாருக்கும் ஒரே கல்வி வரலாறுதான் என்று சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போயிடும்.

1981, ஒரு பள்ளிக்கூடத்துக்குள்

1978இல் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அமைந்தது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. தென்னை விழுந்தது, கூரை பறந்தது, நூற்றுக்கணக்கான உயிர் போனது. அதில் இருந்து எழும்பிக்கொண்டிருந்த ஊருக்குத்தான் 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்து ரெண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அது தொடங்கியது வந்தாறுமூலைப் பள்ளிக்கூட வளாகத்தில். கன்னங்கரா காலத்துத் திட்டத்தில் வந்த கட்டிடங்களில் ஜே.ஆர். காலத்துப் பல்கலைக்கழகக் கல்லூரி குடியேறியது. பேராதனையோடு இணைந்து விஞ்ஞானம், விவசாயம் என்று ரெண்டு பீடங்கள். வயலும் வாவியும் உள்ள பிரதேசத்துக்கு விவசாய பீடம் பொருத்தமான தொடக்கம். 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1988இல் வணிக முகாமைத்துவ பீடம் வந்தது, பிறகு கலை கலாசார பீடம் வந்தது. கல்லடியில் 1982இல் தொடங்கிய விபுலானந்த இசை நடனக் கல்லூரியும் பின்னாளில் இதோடு சேர்ந்தது.

வளாகம் அகதி முகாம் ஆன வருசம்

1990 ஜூனில் மீண்டும் யுத்தம். சுற்றுவட்டாரச் சனம் ஓடிவந்து ஒதுங்கிய இடம் வந்தாறுமூலை வளாகம். விரிவுரை மண்டபங்களில் பாய் விரித்தார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் நின்று முகாமைப் பார்த்துக்கொண்டார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி படையினர் வந்து 158 பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. வருசா வருசம் அந்தத் திகதியில் உறவுகள் படத்தோடு வந்து நிற்கிறார்கள்.

அதுக்கு ஒரு மாதம் முன்னால், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். ஒன்பது நாளில் ஏறாவூரில் இன்னும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்து ஒரு முஸ்லிம் பிள்ளை படிக்க வருவது பயத்துக்குரிய விசயம் ஆனது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, அடுத்த வருசமே பல்கலைக்கழகம் ஆனதுக்குப் பின்னால் இந்தப் பயமும் இருக்கு. வாவி ஒன்று, நெல்லு ஒன்று, மொழியும் ஒன்று. பல்கலைக்கழகம் ரெண்டு. இதை எந்தக் கொள்கையும் திட்டமிடவில்லை. எந்தக் கொள்கையும் இதைப் பற்றிப் பேசவும் இல்லை.

2006இல் கலைப் பீடத்தின் பீடாதிபதி கொழும்பில் கடத்தப்பட்டார். உபவேந்தர் பதவி விலக வேண்டும் என்பது கடத்தியவர்களின் கோரிக்கை. உபவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத், விவசாயத் துறைக்காரர். அவர் கொழும்பில் இருந்தே கடமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில் ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போனவர் காணாமல் போனார். தலைநகரில், உயர் பாதுகாப்பு வலயத்தில், பட்டப்பகலில்.

ஒரு அரச பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் காணாமல் போய் நாலு வருசம் ஆக முன்னமே அதே அரசாங்கம் நாட்டை அறிவு மையம் ஆக்கப்போவதாக அறிவித்தது. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தச் சொல்லின் வரலாற்றை எழுத ஏலாது. அறிவுச் சமூகத்துக்கு முதல் தேவை இணையமா, ஆங்கிலமா, புத்தாக்கமா என்று ஆவணங்கள் விவாதிக்குது. வந்தாறுமூலையின் அனுபவம் சொல்றது வேற: முதல் தேவை, வீட்டை விட்டுப் போன ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவது.

திட்டங்கள் என்ன அளந்தன?

2003இல் உலக வங்கிக் கடனில் இளமாணிக் கல்வியின் பொருத்தப்பாட்டையும் தரத்தையும் மேம்படுத்தும் திட்டம் தொடங்கியது. 2010இல் இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வி என்ற திட்டம். 2017இல் "அஹெட்" என்று கம்பஸில் எல்லாரும் சொல்ற திட்டம், 100 மில்லியன் டொலர். இந்தப் பணத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டன். கணினிக்கூடம் வந்தது, ஆங்கில வகுப்பு வந்தது, விரிவுரையாளர்கள் மேற்படிப்புக்குப் போனார்கள். படுவான்கரையில் இங்கிலீஷ் ரீச்சரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து வந்த பிள்ளைக்கு அந்த ஆங்கில வகுப்பு பெரிய விசயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் திட்டங்கள் கேட்ட மையக் கேள்வி ஒன்றுதான்: பட்டதாரிக்கு வேலை கிடைக்குமா? நியாயமான கேள்வி. கேட்ட விதத்தில்தான் சிக்கல். வேலை கிடைக்கவில்லை என்றால் பிழை பட்டதாரியிடம், அவர் படித்த பாடத்திடம், குறிப்பாகக் கலைப் பாடங்களிடம் என்று முடிவு கட்டினார்கள். வேலை தரக்கூடிய பொருளாதாரம் முப்பது வருச யுத்தத்துக்குப் பின் இந்தக் கரையில் இருந்ததா என்று கேட்கவில்லை. 2017 பெப்ரவரியில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். "அஹெட்" தொடங்கியதும் அதே வருசம்தான்.

இன்னொரு பக்கம் பணம். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்ப ஒதுக்கப்பட்டது 2 வீதத்துக்கும் கீழே. அறிவை நாட்டின் ஐந்து தூண்களில் ஒன்றாக எழுதிய அதே அரசாங்கத்திடம்தான் இந்தக் கோரிக்கை. அதற்கு முந்தின வருசம், 2011இல், புது மாணவர்களை இராணுவ முகாம்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பொலன்னறுவைப் பக்கம் போற வீதியில் புனானையில் பிரமாண்டமான தனியார் வளாகம் ஒன்று எழும்பியது. 2019க்குப் பின் அது சர்ச்சைக்குள் போய், 2020இல் கொரோனா தனிமைப்படுத்தல் நிலையமாக இருந்தது. கட்டிடம் வந்தால் அறிவு வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கு.

வந்தாறுமூலையில் இருந்து போன அறிவு

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்ப வாறன். வந்தாறுமூலைக்கு அறிவு 1981இலா வந்தது?

1960களின் தொடக்கத்தில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் "கர்ணன் போர்". மாணவர்களுக்கு ஆட்டமும் தாளமும் பழக்க ஒரு அண்ணாவியார் வேணும். போனவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். அந்தக் கூத்தில் ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆனார். ஆக, பல்கலைக்கழகம் வந்தாறுமூலைக்கு வர ஏறக்குறைய இருபது வருசத்துக்கு முன்னமே வந்தாறுமூலை பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கு.

அது மட்டும் இல்லை. "மட்டக்களப்பு மான்மியம்" ஏடுகளைத் தேடி எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்தார். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" எழுதினார். மாவட்டத்தில் பல்கலைக்கழகமே இல்லாத காலத்தில் நடந்த ஆராய்ச்சி இவை. இன்றைக்கு வந்தாறுமூலையில் ஆய்வு எழுதுகிற பிள்ளையும் முதலில் இந்த ரெண்டையும்தான் திறக்குது.

இன்னும் பின்னுக்குப் போனால், 1848இல் காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட் வாவியில் இரவில் தோணியேறி, தண்ணிக்கு அடியில் இருந்து வந்த சங்கீதத்தைக் கேட்டார். அது என்ன என்று தெரிந்துகொள்ள அவர் கேட்டது மீன்பிடிகாரரை. அவர்கள் ஊரி என்றார்கள், அதாவது சிப்பி, சோகி இனம். அதை எழுதி 1859இல் லண்டனில் புத்தகம் போட்டார். புத்தகத்தில் டெனன்டின் பெயர் இருக்கு. தோணி வலித்தவரின் பெயர் இல்லை.

இந்தக் கணக்கை மாற்றிப் போட முயன்றவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சி. ஜெயசங்கரும் நண்பர்களும் "மூன்றாவது கண்" என்ற உள்ளூர் அறிவுத்திறன் செயற்பாட்டுக் குழுவாக இயங்கினார்கள். சீலாமுனையில் ஊர்ச் சனத்தோடு இருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். ஊராரைத் தகவல் தருகிறவர்களாக மட்டும் பார்க்காமல், சேர்ந்து யோசிக்கிறவர்களாகப் பார்த்தார்கள். பெண் பாத்திரங்களை எப்படி எழுதுவது, சாதியை என்ன செய்வது என்று களரியிலேயே விவாதம் நடந்தது. யுனெஸ்கோவின் "அறிவுச் சமூகங்கள்" என்ற பன்மைக்கு இந்த வாவிக்கரையில் உதாரணம் தேடினால் நான் காட்டுவது அதைத்தான்.

இதைச் சொன்னதும் ஒரு நண்பன் கேட்டான், "கூத்தாடினா வேலை கிடைக்குமா?" கிடைக்காது. நான் வேலை வேணாம் என்று சொல்ல வரவில்லை. எங்கட வீடுகளில் கல்வி என்றாலே கடன் அடைக்கிற வழி, தங்கச்சியைக் கரைசேர்க்கிற வழி. அதை மறந்துவிட்டு அறிவு பற்றி உயரத்தில் நின்று பேசுவதும் ஒரு வகை மோசடிதான். நான் கேட்பது வேற. வாவி எங்கே ஆழம் குறையுது, எந்த மாதம் எந்த மீன் வரும், உப்பு ஏறிய வயலில் எந்த நெல்லு நிற்கும் என்று தெரிந்த ஆக்கள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருக்கிறார்கள். விவசாய பீடமும் விஞ்ஞான பீடமும் பக்கத்திலேயே இருக்கு. ரெண்டு தரப்பும் ஒரே மேசையில் இருந்தால் வரக்கூடிய அறிவுக்கும் வரக்கூடிய வேலைக்கும் எந்தக் கொள்கையில் நிதி ஒதுக்கியிருக்கு?

1945இன் கொள்கை குடிமகனோடு பேசியது. 1970களின் கொள்கை இனத்தோடும் மாவட்டத்தோடும் பேசியது, பாதி அநியாயமாகவும் பாதி நியாயமாகவும். 2010க்குப் பிந்திய கொள்கை மனித வளத்தோடு பேசுது. ஒவ்வொரு முறையும் பேச்சு கொழும்பில் முடிவாகி, மறுகா வந்தாறுமூலைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த கொள்கை வரைவு எப்படியும் வரும். அதைத் தமிழில் கேட்டு வாங்குங்க, முதல் பக்கத்திலேயே நிறுத்தாமல் நிதி ஒதுக்கீட்டுப் பக்கம் வரை வாசியுங்க. வாசித்துவிட்டு ஒரு செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் இறங்கி, படம் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாமாருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்க. அந்த வளாகத்தில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதுவும் அறிவுதான்.